டார்ச்சின் உள்ளறையில் பதிந்துள்ள பெருவிரல் குறித்து லைட்டு மாமா கூறியது

காவல் நிலையத்தில், ஆய்வாளர் முன்னிலையில், சொல்லச் சொல்ல எழுத்தரால் எழுதப்பட்டது.

என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் எழுத்தர் என் அடையாள அட்டையைப் பார்த்து மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவது வங்கியும் ஆஸ்பத்திரியும் மட்டுமே. மற்றபடி தெரு முழுவதற்கும் நான் லைட்டு மாமா. வயது அறுபத்து மூன்று. தொழில், லிஃப்ட் மெக்கானிக். முகவரி, தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மஞ்சள் கட்டடத்தின் உச்சித் தளம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதை எழுதும்போது எழுத்தர் சிரித்தார். நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த புத்தியுடன், நிலையத்தார் வாங்கிக் கொடுத்த ஒரு டீயைக் குடித்த பிறகு கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

எதையும் பெரிதாக்காமல் சொல்ல வேண்டும் என்று ஆய்வாளர் முதலிலேயே என்னை எச்சரித்தார். பெரிதாக்குவது என் பிறவிக் குணம் என்றும், பிறந்தபோது நான் போட்ட கூச்சலில் பிரசவ வார்டின் கடிகாரம் நின்றுவிட்டது என்றும் சொன்னேன். அதன் பிறகு, நான் எங்கெல்லாம் அளவு மீறுகிறேனோ அங்கெல்லாம் அவர் கையைத் தூக்குவது என்றும், தூக்கினால் நான் குறைத்துச் சொல்வது என்றும் இருவரும் ஒப்புக்கொண்டோம். கடிகாரத்துக்கே அவர் கை தூக்கிவிட்டார். கடிகாரம் நிற்கவில்லை.

நான் என் ஆயுளில் பாதியை லிஃப்ட் குழிகளுக்குள் கழித்தவன். அங்கே உள்ள இருட்டு வெளியில் உள்ள இருட்டைப் போன்றதல்ல. கத்தியால் வெட்டித் தராசில் நிறுத்து விற்கலாம். (ஆய்வாளர் கை தூக்கினார்.) மிகவும் இருட்டாக இருக்கும். அதற்குள் இறங்க கம்பெனி எனக்குக் கொடுத்த டார்ச்சை ஒரு மின்மினிப் பூச்சி பார்த்தால் பரிதாபப்பட்டுத் தன் வெளிச்சத்தில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகும். (எழுத்தர் இதை விட்டுவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்று ஆய்வாளர் சொன்னார்.) ஆகவே இதுவரை எந்தக் கடையிலும் யாரும் வாங்கியிராத ஒரு டார்ச்சை என் கையாலேயே செய்வது என்று முடிவெடுத்தேன். விற்பதற்காக அல்ல. யாரையும் பயமுறுத்துவதற்காகவும் அல்ல. சிலர் ஓய்வு நேரத்தில் மீன் வளர்க்கிறார்கள். நான் வெளிச்சம் வளர்த்தேன்.

இந்த வேலையில் எனக்குத் துணை நின்றவர் என் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் கோட்டு தைக்கும் தையல்காரர். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளைக் காணோம் என்று தேட வேண்டிய அளவுக்கு ஒல்லி என்பதால் எல்லோரும் அவரை நூலு என்று கூப்பிடுகிறார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன். இப்போது நூலு இந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நூலு ஏற்கெனவே கொடுத்துள்ள வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த உலோகப் பொருள் என்னவென்றே தமக்குத் தெரியாது என்றும், அக்காவின் கணவர் தமக்குத் தெரியாமல் அதைக் கடையில் வைத்துவிட்டுப் போனார் என்றும், அது தானாக வெடித்துக் கடை தீப்பிடித்தது என்றும், தாம் அதை ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை என்றும் அதில் உள்ளது. இதை வைத்து அந்தக் கடைக் கட்டடத்தின் உரிமையாளர், நான் வீட்டில் வெடிபொருள் செய்கிறேன் என்று புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் புகார் நின்றால் நான் சிறைக்குப் போக வேண்டும், என் லிஃப்ட் லைசென்சும் போய்விடும் என்று ஆய்வாளர் விளக்கினார். ஆகவே நூலு தொடாத அந்தப் பொருளை நாங்கள் இருவரும் செய்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலு கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வருவார். சமையலறை மேசைதான் எங்கள் தொழிற்சாலை. பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட அலுமினிய உருளையை லேத்துப் பட்டறையில் கொடுத்து உள்ளே குடைந்து வாங்கி, வெளியே சூடு இறங்குவதற்காக வரிவரியாக வெட்டுகள் போட்டு, டார்ச்சின் தலையாக ஆக்கினோம். அதன் பிறகு, எல்.இ.டி. என்னும் சிறு வில்லையை ஒரு செம்புத் தகட்டின் மேல் பற்றவைத்தோம். விரல் நகத்தில் பாதிகூட இருக்காது, ஆனால் கொதிக்கிற கொதிப்பில் எரிமலைக்கு அத்தை மகன். (கை.) சீக்கிரம் சூடாகும். அந்தச் சூடு செம்புக்கு இறங்கி, செம்பிலிருந்து அலுமினியத்துக்குப் போய், வரிகள் வழியாகக் காற்றில் கலக்க வேண்டும். போகாவிட்டால் வில்லை கருகிவிடும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே போடுவதற்கென்றே ஒரு பசை உண்டு. இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதன் பிறகு அதைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் முடியும். இந்தப் பசையை ஆய்வாளர் அடிக்கோடிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பசை போட்ட அன்று நடந்தது பின்வருமாறு. நான் குச்சியால் தடவிச் செம்புத் தகட்டை உட்கார வைத்தேன். பசை கொஞ்சம் கூடுதலாகிவிட்டதால் அது தகட்டைச் சுற்றி, பின்பக்கம் சர்க்கிட் உட்கார வேண்டிய உள்ளறைக்குள் பிதுங்கியது. நூலு சும்மா இருக்கவில்லை. தைத்து முடித்த காலரைப் பெருவிரலால் அழுத்தி நீவிப் படிய வைப்பது அவர் தொழில் வழக்கம். துணி என்றில்லை, செய்தித்தாள் மடித்தாலும் நீவுவார், பஸ் டிக்கெட்டைக்கூட நீவித்தான் பையில் வைப்பார். அந்தப் பழக்கத்தில் பிதுங்கிய பசையின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

“மாப்ளே, விரல எடு. குச்சி எதுக்கு இருக்கு?”

“பசைன்னா என்ன, துணின்னா என்ன அத்தான். நீவி விட்டாத்தான் படியும்.”

“இது காலர் இல்லடா.”

“காலரா இருந்தா உங்களப் பக்கத்துல வர விட்டிருப்பனா?”

என் மனைவி டீயைக் கொண்டுவந்து வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டு, “நீங்க ரெண்டு பேரும் சேந்து இந்த மேசையக் கொன்னுட்டுத்தான் ஓய்வீங்க” என்றார். டீயை வாங்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பசை இறுகிவிட்டது. உள்ளறையின் சுவரில் நூலுவின் பெருவிரல் ரேகை ரேகையாக நின்றது. கத்திரிக்கோல் பட்டு அவர் பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அந்தத் தழும்பும் பசையில் கோடாக விழுந்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. “இருக்கட்டும் அத்தான், கம்பெனி முத்திரை” என்றார் நூலு. அதன் பிறகு சர்க்கிட்டை அதன் மேல் உட்கார வைத்து, அறையை மூடி, மூடியையும் அதே பசையால் ஒட்டிவிட்டேன். அந்த முத்திரையை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. நூலு மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

அதன் பிறகு, ஒரு பழைய புரொஜெக்டரிலிருந்து கழற்றிய கனத்த லென்ஸை ஒரு வளையத்துக்குள் பொருத்தி, தலையில் திருகிக் கழற்றுகிற மாதிரி செய்தோம். முதல் தடவை எரியவிட்டது ஒரு அந்தி நேரத்தில், எங்கள் மொட்டை மாடியில். ஊரின் மறுகோடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் வெளிச்சம் போய் விழுந்தது. தொட்டியில் தூங்கிய புறாக்கள் விடிந்துவிட்டது என்று எழுந்து, இரை தேடப் புறப்பட்டு, பாதி வழியில் ஏமாற்றம் தெரிந்து, எங்களைத் திட்டிக்கொண்டே திரும்பின. (கை.) புறாக்கள் பறந்தன. நூலு என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். “அத்தான், நாம செஞ்சது அத்தான், நாம செஞ்சது” என்றார். இதில் நான் ஒரு எழுத்தையும் கூட்டவில்லை.

லென்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வளையத்தைத் திருகும் முன்பு ஒரு பகலில் அந்த லென்ஸை ஜன்னலில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் டீ குடிக்கப் போனோம். வெயில் அதன் வழியாகக் குவிந்து என் மனைவியின் நாற்காலி மெத்தையில் ஓட்டை போட்டது. என் மனைவி எங்கள் இருவரையும் திட்டிய திட்டை எழுத இந்தக் காகிதம் தாங்காது. (ஆய்வாளர் கை தூக்கவில்லை.) அதன் பிறகு நூலுவே ஒரு கறுப்புக் கோட்டுத் துண்டை எடுத்து லென்ஸுக்கு அளவெடுத்து, உள்ளே லைனிங்கும் வைத்து, நாடா கோத்து ஒரு குல்லா தைத்தார். பகலில் லென்ஸ் தலையில் குல்லா இல்லாமல் இருக்கக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் சட்டம். குல்லா ஏன் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் இப்போது இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள்.

இன்னொரு சட்டம் என்னுடையது. டார்ச்சை யார் கேட்டாலும் கொடுப்பேன், பேட்டரியைக் கூடவே கொடுக்க மாட்டேன். லித்தியம் பேட்டரி, விளையாட்டுப் பொருளல்ல. அதைத் தனியாக என் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருப்பேன்.

சம்பவத்தன்று காலையில் நூலு வந்து, “அத்தான், இன்னைக்கு ஓனர் கோட்டு பாக்க வர்றாரு. நம்ம டார்ச்சையும் அப்படியே காட்டட்டுமா? இவ்வளவு நல்ல சாமானை வீட்ல பூட்டி வச்சு யாருக்குக் காட்டுறது?” என்று கேட்டார். ஓனர் என்பது புகார் கொடுத்துள்ள கட்டட உரிமையாளர். அவருக்காக நூலு ஒரு கோட்டு தைத்து, கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைக்குப் போட்டு வைத்திருந்தார். டார்ச்சைக் குல்லாவோடு கொடுத்தேன். பேட்டரி கொடுக்கவில்லை. நூலு கேட்கவும் இல்லை, எரியவிட்டுக் காட்டப்போவதில்லை, கையில் கொடுத்துக் காட்டப்போகிறேன் என்றார். அன்று அவர் சொன்ன சொல் ‘நம்ம டார்ச்’ என்பது. இதையும் அடிக்கோடிட வேண்டுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைத்தெருவில் புகை என்று கேள்விப்பட்டு மாடிப்படிகளில் இறங்கி ஓடினேன். நான் போவதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். ஆட்களுக்குக் காயமில்லை. கண்ணாடி வெடித்திருந்தது. பொம்மை இடுப்புக்கு மேல் கரியாக நின்றது. கோட்டில் ஒரு கைப்பகுதி மட்டும் மிச்சம். டார்ச்சின் உடம்பு கீழே கறுத்துக் கிடந்தது. லென்ஸ் வளையம் தனியாக, விரிசல் விட்டுக் கிடந்தது. குல்லா மேசைமேல் மடித்து வைத்தபடி இருந்தது, அழகாக நீவி மடித்திருந்தது.

நூலு என்னைப் பார்த்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அத்தான், காலர்ல போட்ட கைத்தையல் வெளிய நிக்கிறவனுக்குப் பெருசாத் தெரியட்டும்னு லென்ஸக் கழட்டி முன்னாடி தொங்க விட்டேன் அத்தான். எல்லாரும் நின்னு பாத்தாங்க. ஓனர் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்னு போனேன். வெயில மறந்துட்டேன்.”

“விடுடா” என்று நான் சொன்னேன். “துணிதானே. வேற தைக்கலாம். நான் இருக்கேன்ல.”

இந்த இடத்தில் ஆய்வாளர் என்னை நிறுத்தி, இதை வேறு யாராவது கேட்டார்களா என்று கேட்டார். இல்லை. எல்லோரும் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு கட்டட உரிமையாளர் வந்தார்.

“யார் வேலைடா இது? கடைக்குள்ள என்னத்தக் கொண்டாந்து வச்ச? இன்னைக்கே காலி பண்ணிட்டு ஓடு” என்று கத்தினார். கரியாகிப்போன தம்முடைய கோட்டைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கத்தினார்.

நூலு என் கைகளை விட்டார். விட்ட கையால் என்னைக் காட்டினார்.

“இவர் கொண்டாந்து வச்சது சார். என்னன்னே எனக்குத் தெரியாது. பேட்டரி வெடிச்சிருச்சு போல.”

‘இவர்’ என்றார். நூலுவின் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் என்னை அத்தான் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபத்திலும் அத்தான், கிண்டலிலும் அத்தான், காய்ச்சலில் பிதற்றும்போதும் அத்தான்தான். இவர் என்று அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். இதற்கு ஒரு பெரிய உவமை சொல்லலாம் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளவும்.

அங்கே நான் எதுவும் மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். நூலு அடுத்த மூச்சில் திருத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அதன் பிறகு, அன்று சாயங்காலம் வந்து சொல்வார் என்று நினைத்தேன். அதன் பிறகு, காவல் நிலையத்தில் சொல்வார் என்று நினைத்தேன். இங்கே வந்து தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் என் மனைவி என்னோடு பேசியது பின்வருமாறு.

“ஏங்க, நீங்களே ஒத்துக்கங்களேன். தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லுங்க. அவனுக்கு அந்தக் கடைய விட்டா என்ன இருக்கு?”

“எனக்கு ஜெயில் இருக்குன்னு சொல்றாங்க.”

“உங்களுக்கு நாலு பேரத் தெரியும். நீங்க சமாளிச்சுருவீங்க. அவனால முடியுமா?”

“அவன் வந்து கேட்டானா?”

“எப்படிங்க வந்து கேப்பான்?”

“வாயாலதான். டீ கேக்குறான்ல, அதே வாயால.”

 மறுநாள் காலையில் என் மனைவி சமையலறை மேசையைத் துடைத்து, நாங்கள் வைத்திருந்த திருகாணி டப்பாக்களையும் கம்பிகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். மேசை உயிரோடு இருந்தது. குல்லா ஏன் தைக்கப்பட்டது என்று ஆய்வாளர் அவரைக் கேட்டபோது, தமக்கு அதெல்லாம் தெரியாது, தாம் சமையலில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். மெத்தையில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

நூலு வந்து, “அத்தான், எனக்காக நீங்க போங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் போயிருப்பேன். சிறைக்குப் போய் அங்குள்ள லிஃப்டுகளையும் பழுது பார்த்திருப்பேன். (ஆய்வாளர் கை தூக்கினார். சிறைகளில் லிஃப்ட் இல்லை என்றார்.) லிஃப்ட் இல்லாவிட்டாலும் போயிருப்பேன். தீயை நான் பொறுத்துக்கொண்டேன். தொட்டதில்லை என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு, அதாவது இன்று, இந்த அறையில் நடந்ததையும் சேர்த்து எழுதும்படி ஆய்வாளர் சொன்னதால் சொல்கிறேன். வெடித்ததாகச் சொல்லப்படும் பேட்டரிகளை என் எவர்சில்வர் டப்பாவோடு ஆய்வாளர் மேசையில் வைத்தேன். புத்தம் புதிதாக இருந்தன. இவை வேறு பேட்டரிகளாக இருக்கலாமே, ஒருவர் பேச்சுக்கு எதிராக இன்னொருவர் பேச்சுதானே இருக்கிறது என்று ஆய்வாளர் கேட்டார். அப்போதுதான் உள்ளறையில் உள்ள பெருவிரலைப் பற்றி நான் சொன்னேன். டார்ச்சின் உடம்பை அறுத்தால், பசையில் தழும்போடு நூலுவின் ரேகை இருக்கும். தொட்டதில்லை என்ற வாக்குமூலம் அங்கே முடிந்துவிடும். ஆனால் அறுத்தால் சர்க்கிட்டும் சேர்ந்து அறுபடும், அந்த டார்ச் அதன் பிறகு எரியாது, அதைப் போல இன்னொன்று செய்ய எனக்கு உருளையும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது என்பதையும் சொன்னேன்.

அறுப்பதற்கு முன்பு ஒரு தடவை எரியவிட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். ஆய்வாளர் கொஞ்ச நேரம் யோசித்து, எழுத்தரை அலமாரிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். எழுத்தர் எழுத வேண்டியிருந்ததால் இந்தப் பகுதியை அலமாரிக்குப் பின்னாலிருந்தே எழுதுகிறார். கறுத்துப் போன டார்ச்சை வேட்டி நுனியால் துடைத்து, பேட்டரியைப் போட்டு, பெரிய வெளிச்சத்தில் வைத்துத் தட்டினேன். லென்ஸ் இல்லாததால் வெளிச்சம் குவியாமல் அறை முழுவதும் கொட்டியது. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடமெல்லாம் தெரிந்தது. மின்விசிறியின் இறக்கைமேல் உள்ள தூசி தெரிந்தது. ஆய்வாளரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல் தெரிந்தது. கதவிடுக்கு வழியாக வெளிச்சம் தாழ்வாரத்துக்குப் போனது. இந்தக் காவல் நிலையம் கட்டிய நாளிலிருந்து இதற்குள் இவ்வளவு வெளிச்சம் வந்ததில்லை என்று நான் சொன்னேன். ஆய்வாளர் கை தூக்கவில்லை.

அப்போது வெளியே பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அத்தான்! பெருசுல வைக்காதீங்க அத்தான்! தலை சுட்டுரும், வில்லை போயிரும்! சின்னதுல வைங்க!”

உடனே என் மனைவியின் குரல், “வாய மூடுடா” என்றது.

 நான் அந்தக் குரல் சொன்னபடி சின்ன வெளிச்சத்துக்கு மாற்றினேன். தலை உண்மையிலேயே சூடாகியிருந்தது. ஆறும்வரை கையில் வைத்திருந்து, அதன் பிறகு அணைத்தேன். ஆய்வாளர் எழுத்தரைப் பார்த்து, கேட்டீரா என்றார். கேட்டேன் என்று எழுத்தர் அலமாரிக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

பொருள் என்னவென்றே தெரியாதவர் இப்படிக் கத்த மாட்டார், இதுவே போதுமே, டார்ச்சை ஏன் அறுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று ஆய்வாளர் என்னிடம் கேட்டார்.   நான் சொன்னது பின்வருமாறு. அந்தக் குரல் டார்ச்சுக்காக வந்தது, எனக்காக வரவில்லை. நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டால், நான் கத்தவே இல்லை, பக்கத்தில் அக்கா இருந்தாள், அவளைக் கேளுங்கள் என்று நூலு சொல்வார். அக்காவும் தாம் சமையலில் இருந்ததாகச் சொல்வார். பேச்சை அவர் ஒரு தடவை என் கண்முன்னால் மாற்றிவிட்டார், இனி அவருடைய எந்தப் பேச்சின் மேலும் என்னால் சாய்ந்து நிற்க முடியாது. பசை மட்டும்தான் சொன்னதை மாற்றாது. ஆகவே டார்ச்சை அறுக்க முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன். தலைப்பக்கத்திலிருந்து மூன்றாவது வரியில் ரம்பத்தை வைத்தால் ரேகை சேதமாகாது. அந்த இடத்தைச் சாக்பீஸால் நானே கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வழக்கு முடிந்த பிறகு சாட்சிப் பொருட்களை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது வழக்கம் என்று எழுத்தர் சொன்னார். பெருவிரல் பதிந்த பாதியை எனக்குத் தர வேண்டாம். அதைத் தையல்காரரிடம் கொடுத்துவிடவும். மற்றப் பாதி யாருக்கும் வேண்டாம்.

பசையில் உள்ள ரேகை என்னுடையதுதான், நானே விரலை வைத்துவிட்டுப் பழியைப் போடுகிறேன் என்று யாரும் பிற்பாடு சொல்லக்கூடாது என்பதற்காக, எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தும், கையெழுத்தோடு என் இரண்டு பெருவிரல் ரேகைகளையும் கீழே பதிக்கிறேன். மை ஒட்டிய விரலைத் துடைக்க எழுத்தர் துணி கொடுத்தார். நூலுவின் கடைத் துணி போலக் கறுப்பாக இருந்ததால் வாங்கவில்லை.

இதில் எழுதியுள்ளதை எழுத்தர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். கை தூக்கப்பட்ட இடங்கள் தவிர மற்றவை எல்லாம் நடந்தது நடந்தபடி சரியாக உள்ளன என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)

(இடது பெருவிரல்) (வலது பெருவிரல்)